காறல் வாடை

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "கொஞ்சம் அடங்கட்டும்மா, அப்புறம் எழுதுங்க" என்று டாக்டர் யமுனா சொன்னார். அடங்கிவிட்டால் அப்புறம் எதற்கு எழுத? சூட்டோடு எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது மார்பில் ஒரு கட்டியும் கையில் ஒரு கறுப்பு மாத்திரை டப்பாவும் இருந்தால், டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

என் பெயர் உலகம்மாள். வடகரையில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. கொப்பரை வாங்குவது, களத்தில் காயப்போடுவது, ஆட்டுவது எல்லாம் என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவின் பாடு. ஆட்டி வந்த எண்ணெய் என் பாடு. எந்த டின்னை முதலில் அனுப்ப வேண்டும், எது இன்னும் தாங்கும் என்பதை என் மூக்குதான் முடிவு செய்யும். எண்ணெய் காறத் தொடங்கினால், அதாவது கெட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால், ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இந்த மூக்கை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

நான் கணக்குத் தீர்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒன்று, என் இடது மார்பில் கேட்காமல் குடிவந்த கட்டி. இன்னொன்று, குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்து உட்கார்ந்து 'நானோ' மருந்து விற்ற நானோக்காரன். அவன் பேரை எழுத மாட்டேன். எழுதினால் அதைப் போனில் தேடிப் பார்த்து நாலு பேர் போய் நிற்பார்கள்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுதான் கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி கிடையாது. எண்ணெய்க் கை வழுக்கிக்கொண்டு போனதால்தான் தெரிந்தது, சோப்புக் கைக்குத் தெரிந்திருக்காது. மறுநாளே தென்காசியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவமனையின் பேரும் வேண்டாம்.

முதலில் மேமோகிராம். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. கொப்பரை ஆட்டுகிற மில்காரியையே போட்டு ஆட்டுகிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பயாப்ஸி. தடித்த ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. முடிவு வருவதற்குள் அந்தக் காத்திருக்கும் ஹாலில் நான் பார்க்காத முகமே இல்லை. எல்லோரும் டி.வி.யைப் பார்த்தபடி இருப்பார்கள். என்ன ஓடியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

டாக்டர் யமுனா சின்ன உருவம், சுற்றி வளைக்காத பேச்சு. "புற்றுநோய்தாம்மா. சில கட்டியில மருந்து பிடிச்சுக்கிட மூணு வகைக் கொக்கி இருக்கும். உங்க கட்டியில மூணும் இல்ல. அதனால வேகமா வளரும். முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு. உடனே ஆரம்பிக்கணும்" என்றார். கீமோ என்றால் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுவது, முடி கொட்டும், வாந்தி வரும், வேகமாக வளர்கிற எல்லாவற்றையும் அது அடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். என் காதில் 'அடிக்கும்' என்பது மட்டும் விழுந்தது. பயம்தான். பயம் இல்லை என்று சொல்கிறவள் பொய் சொல்கிறாள்.

வெளியே வந்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாள் செல்போனை நீட்டினாள். "இத பாருங்கக்கா, கீமோ இல்லாமலே சரியாவுதாம். நம்ம குத்தாலத்துலதான் இருக்காவளாம்." வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தன் அருவியைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினான். நானோ இரும்பு என்றான். வெளிநாட்டு ஆராய்ச்சி என்றான். அன்று சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் குற்றாலத்தில் இருந்தோம்.

சீசன் முடிகிற நேரம். லாட்ஜ் மாடியில் ஒரு அறை, வாசலில் நோயாளிகள், கீழே எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் ஒரு தாளில் கறுப்புப் பொடியைக் கொட்டி, அடியில் காந்தத்தைக் காட்டினான். பொடி மயிர்க்கூச்செறிந்த மாதிரி எழுந்து நின்றது.

"பாத்தீங்களாம்மா, இது நானோ. கேன்சர் செல்லுக்கு இரும்புன்னா பேய்ப் பசி. அந்தப் பசியிலயே நாம ஆப்பு வைக்கோம். இரும்பு உள்ள போனா செல்லைச் சுத்தி இருக்க கொழுப்பு ஆக்ஸிடைஸ் ஆகி, அப்படியே கெட்டுச் செத்துரும்."

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "கொழுப்பு கெடும்னா? எண்ணெ காறுதது மாதிரியா?"

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கரெக்ட்ம்மா! அதேதான். காறுதது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கு எண்ணெ மில்லுல்லா."

"அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நீங்களே வீட்டுல டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க."

அந்த இடத்தில்தான் அவன் என்னை மடக்கினான். எண்ணெய்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எண்ணெய்க்கு இரும்பு ஆகாது. துருவேறிய டின்னில் ஊற்றினால் நல்ல எண்ணெய்கூடச் சீக்கிரம் காறிவிடும். மூக்கில் ஏறும், நாக்கில் வைத்தால் தொண்டையைப் பிடிக்கும். எங்கள் மில் வாசலைத் துருப்பிடித்த டின் தாண்டவே விடமாட்டேன். அவன் சொன்னதில் எனக்குப் புரியாதது எதுவுமே இல்லை. புரிந்துவிட்டதால் நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரே தடவை ஆட்டிய எண்ணெயை இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினேன். ஒன்றில் அவன் மாத்திரையைப் பிரித்துப் பொடியைப் போட்டுக் குலுக்கினேன். இன்னொன்றைச் சும்மா விட்டேன். இரண்டையும் அடுப்பங்கரை ஜன்னலில் வெயில் பட வைத்தேன். வாரம் முடியவில்லை, பொடி போட்ட பாட்டில் மூடியைத் திறந்ததும் காறல் குப்பென்று அடித்தது. மற்றது புதிதாக ஆட்டியது மாதிரி இருந்தது.

"பாத்தீயளா?" என்று வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"டாக்டரம்மா ஒடனே ஆரம்பிக்கணும்னாவளே ஏட்டி" என்றார் அவர்.

"என் மூக்கு என்னைக்காவது பொய் சொல்லிருக்கா?"

எண்ணெய் விஷயத்தில் என்னை எதிர்த்து அவர் பேசியதே கிடையாது. அன்றும் பேசவில்லை.

காலையும் மாலையும் கறுப்பு மாத்திரை, வாரத்துக்கு ஓர் ஊசி, கூடவே 'தெம்புக்கு' என்று மஞ்சள் நிற வைட்டமின் ஈ மாத்திரை. மலம் தார் மாதிரி போனது. வயிறு எந்நேரமும் பிசைந்தது. கட்டியோ சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காய் ஆனது. அக்குளில் இன்னொன்று முளைத்தது. அவனிடம் காட்டினால், "செத்த செல் வீங்கத்தாம்மா செய்யும், இது குட் சைன்" என்றான்.  என் உடம்பில் எமன் வளர்வதைத் தடவிப் பார்த்து, நல்ல அறிகுறி என்று சொல்லியிருக்கிறான் அந்தச் செத்த மூதி.

கார்த்திகை மாதம் எண்ணெய் டின்களுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது பழைய தென்காசி மருத்துவமனையில் இருந்தேன். கையில் ட்ரிப்ஸ், தலைமாட்டில் டாக்டர் யமுனா. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "என்ன சாப்பிட்டீங்களோ அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். ரத்தச் சோதனையில் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவு எங்கோ ஏறிக் கிடந்தது. கல்லீரல் வீங்கியிருந்தது. அது தணியாமல் கீமோ ஆரம்பிக்க முடியாது. ஏற்கெனவே மாசக்கணக்கில் போய்விட்டது, இன்னும் கொஞ்ச நாள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். கட்டிக்கு மட்டும் லீவு கிடையாது.

படுத்துக்கொண்டே டாக்டரிடம் பாட்டில் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க டெஸ்ட் சரிதாம்மா" என்றார்.

"என்ன சொல்லுதீய?"

"இரும்பு பட்டாக் கொழுப்பு காறும். நிஜம். செல்லைச் சுத்தி இருக்குற தோல் கொழுப்பாலதான் ஆனது. அது காறிக் கிழிஞ்சா செல் செத்துரும். அதுவும் நிஜம். அதுக்கு ஃபெரோப்டோசிஸ்னு பேரு. இரும்பால வர்ற சாவு. உலகம் பூரா லேப்ல அதைத்தான் பாத்துட்டு இருக்காங்க."

"அப்ப அவன் சொன்னது உண்மையா?"

"அவன் எங்கயோ கேட்ட பாட்டு உண்மை. அவனுக்குத்தான் பாடத் தெரியாது. உங்க பாட்டில்ல என்னம்மா இருந்துச்சு? எண்ணெய் மட்டும். எதைக் கெடுக்கணும்னு இரும்பு யோசிக்கவே வேண்டாம். உங்க உடம்புல கட்டியிலயும் கொழுப்பு, கல்லீரல்லயும் கொழுப்பு, குடல்லயும் கொழுப்பு. வாய் வழியா போட்ட இரும்புக்கு எது கட்டி, எது கல்லீரல்னு எப்படித் தெரியும்?"

 இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லையே!

அப்புறம் அவர் நிதானமாகச் சொன்னார். எல்லா உயிரணுவுக்குள்ளும் கொழுப்பு காறாமல் துடைத்துக்கொண்டே இருக்கிற காவல் உண்டாம். அந்தக் காவலையும் மீறி இரும்பு பெருகி, காறல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவினால்தான் சாவு. வேகமாக வளர்கிற புற்று அணு மற்ற அணுக்களைவிட அதிகமாக இரும்பை இழுத்து வைத்துக்கொள்ளும். அது அதற்குப் பலம், அதுவே அதற்குப் பலவீனம். அதனால் இரும்பை ரொம்பச் சின்னத் துகளாக்கி, மேலே உறை போட்டு, கட்டியிருக்கும் இடத்தில் மட்டும் உறை திறக்கும்படி செய்யப் பார்க்கிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்தத் துகளை ஆயிரம் நிறுத்தலாமாம். கட்டியைச் சுற்றிப் புளிப்பு அதிகம், அந்தப் புளிப்பில் கரைகிற உறை. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பெரும்பாலும் தட்டில் வளர்த்த அணுக்களிலும் எலிகளிலும்தான் இதுவரை நடந்திருக்கிறது. மனிதர்களிடம் இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்குக் கொடுக்கும் நிலையில் இல்லை.

"அந்த மஞ்சள் மாத்திரை குடுத்தானே, வைட்டமின் ஈ, அது எதுக்கு தெரியுமா? கொழுப்பு காறாமக் காப்பாத்த" என்றார் டாக்டர். "அவன் சொன்ன வேலையை அவனே கெடுத்திருக்கான்."

சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்த வயிறு வலித்தது. வலித்ததும் ஆத்திரம் வந்தது. அன்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு பேர நான் பாக்காம விடமாட்டேன். எனக்குள்ள இருக்க மூதியையும் குத்தாலத்துல இருக்க மூதியையும்." அவர் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "மொதல்ல உள்ள இருக்கத பாரு" என்றார்.

மார்கழியில் கீமோ தொடங்கியது. முதல் மருந்து ரத்தச் சிவப்பு. குழாயில் அது இறங்கும்போது நான் கட்டியோடு பேசுவேன். சாவுட்டி, உன்னை யாரு வரச் சொன்னா, என் சோத்தத் தின்னு என்னையே அரிக்கியா, குடி, இதையும் குடி. பக்கத்துக் கட்டில்காரர்கள் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் மருந்து என்னையும் விடவில்லை. முடி போனது, போகட்டும். வாயெல்லாம் புண், நகம் கறுப்பு. எல்லாவற்றையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது, என் மூக்குக்கு வந்த கேடு. தேங்காய் எண்ணெய் வாடை ஆகவில்லை! முப்பது வருஷமாக அதிலேயே புழங்கியவள், அந்த வாடை அடித்தாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே வாந்தி. அவர் தோலிலேயே எண்ணெய் ஊறியிருக்கிறது, மனுசன் என்ன செய்வார்?

 எனக்கு மருந்து ஏற்றுகிற நாட்களில் அவர் மில்லையே நிறுத்திவிட்டார். சீயக்காய் போட்டு இரண்டு தரம் குளித்துவிட்டு, பீரோவில் தனியாகக் கட்டி வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். வந்தும் கட்டில் ஓரத்தில் உட்காராமல் ஜன்னல் பக்கம் நிற்பார். "அங்கன ஏன் நிக்கீய, வாங்க" என்பேன். "காத்து வருது இங்கன" என்பார். அந்த ஜன்னலில் காற்றே வராது. கேரளத்து நர்ஸ் ஒருத்தி, ஷீபா, தலை நிறைய எண்ணெய் வைக்கிறவள். என் பாட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் வறண்ட தலையோடு வந்து, "சேச்சி, இன்னு எண்ணயில்லா கேட்டோ" என்று எண்ணெய் வைக்காத தலையைக் குனிந்து காட்டினாள். இப்படிப்பட்டவர்கள் இருக்கிற அதே பூமியில்தான் அந்த நானோக்காரனும் இருக்கிறான்.

அடுத்த கட்டிலில் மைமூன் இருந்தாள். பாவூர்சத்திரத்துக்காரி, என்னைவிட இளையவள், வீட்டுக்காரர் துபாயில். இரண்டாவது கீமோ முடிந்த அன்று பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி கெளம்புத?"

"இனி முடியாதுக்கா. குத்தாலத்துல ஒரு டாக்டர் இருக்காராம், நானோ..."

நான் போட்ட சத்தத்தில் ட்ரிப்ஸ் கம்பி ஆடியது. "ஏட்டி! அந்தப் பேரச் சொன்ன, பல்லு இருக்காது பாத்துக்கோ! இங்க வா. என் அக்குள்ள கைய வச்சுப் பாரு. இது அவம் குடுத்த மருந்துல வளந்தது. வையிட்டி கைய!"

அவள் வைத்தாள். முகம் மாறியது. அக்குள் கட்டியைத் தொட்ட விரலை அவள் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பை கட்டிலுக்கு அடியில் போனது. "அவருதான் வீடியோவ அனுப்புனாவ, துபாய்ல இருந்து. எம்மேல உள்ள பாசத்துலதான் அனுப்புனாவ" என்று அழுதாள். அதுதான் கொடுமை. நானோக்காரன் சரக்கை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது நம்மேல் பாசம் உள்ளவர்கள்தான்.

கீமோ முடிந்தது வைகாசியில். கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்தது, கொஞ்சம் மிச்சம் நின்றது. ஆபரேஷனுக்கு உடம்பு தேறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது சாரல் தொடங்கிவிட்டது. மைமூன் போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஞாயித்துக்கெழம அவம் முகாம் போடுதான், லாட்ஜ் ஹால்ல. எங்க தெருவுல இருந்தே ரெண்டு பேரு போறாவ."

நான் ஒன்றும் கேட்காமலே வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வந்து முன்னால் வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தயார் செய்திருக்கிறார். ஒன்றில் எண்ணெயும் நானோக்காரன் பொடியும். இன்னொன்றில் எண்ணெயும், களத்துத் தகரக் கூரையில் சுரண்டிய துருவும். இரண்டையும் துணியில் வடிகட்டி, ஒரே மாதிரி பாட்டிலில் ஊற்றி, அடியில் மட்டும் அடையாளம் போட்டிருந்தார். ஜன்மத்தில் ஒருத்தரையும் கைநீட்டிப் பேசாத மனுசன்!

"ஒன்னால மோந்து பாக்க முடியாது. நான் பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் காறிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மைமூனும் போனோம். ஹாலில் நல்ல கூட்டம். வெளியே சாரல், உள்ளே ஈரக்குடை வாடை. மேடையில் அவன் காந்தத்தை வைத்துப் பொடியை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனேன். தலைத் துணியை அவிழ்த்து மொட்டைத் தலையைக் காட்டினேன். 

"என்னைய ஞாபகம் இருக்கா?"

"அம்மா... நீங்க அந்த எண்ணெ மில்லு..."

"அவளேதான். நீரு டெஸ்ட் பண்ணச் சொன்னீரே, பண்ணிக் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு உம்ம நானோ. ஒண்ணு எங்க களத்துத் தகரத் துரு. எது எதுன்னு மோந்து பாத்துச் சொல்லும். சரியாச் சொல்லிட்டீர்னா நான் எல்லார் முன்னாலயும் உம்ம கால்ல விழுந்துட்டுப் போயிருதேன்."

"இதெல்லாம் அப்படி வாடையில கண்டுபிடிக்க முடியாதும்மா, லேப்ல..."

"அன்னைக்கி முடியும்னு சொன்னீரே! என்னைய மட்டும் மூக்க வச்சு நம்பச் சொன்னீரே! மோந்து பாரும் வே!"

முன்வரிசையில் இருந்த ஆள் ஒருத்தர், தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தவர், "மோந்து பாக்கதுல என்ன சார், பாருங்க" என்றார். இன்னும் நாலு குரல் சேர்ந்தது. அவன் ஒரு பாட்டிலைத் திறந்தான், முகம் சுளித்தான். அடுத்ததைத் திறந்தான். மறுபடி முதல் பாட்டில். வியர்த்துவிட்டது. இடது பக்கத்தைக் காட்டி, "இது... இதுதான் நம்ம நானோ" என்றான்.

வீட்டுக்காரர் பாட்டிலைத் தூக்கி அடியைக் கூட்டத்துக்குக் காட்டினார். தகரம்.

நான் அவனை அறைவதாகத்தான் மனசுக்குள் பல மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் வீட்டுக்காரர் காட்டிய பாட்டில் இப்போது என் கையில் இருந்தது. குற்றாலத்துக்கு வந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடாமல் அனுப்பலாமா? அவன் சுதாரிப்பதற்குள் தகரத் துரு எண்ணெயை உச்சந்தலையில் கவிழ்த்தேன். இன்னொரு பாட்டிலை மைமூன் பிடுங்கி அவன் வெள்ளைக் கோட்டுக்குள் ஊற்றினாள்.

"போய் அருவியில நில்லும். எத்தன சீயக்கா போட்டாலும் போவாது, நான் எண்ணெக்காரி, சொல்லுதேன்!"

காறல் வாடை ஹால் முழுக்க எழுந்தது. மூக்கில் துணி இருந்தும் எனக்குக் குமட்டியது. குமட்டக் குமட்டச் சிரித்தேன். அதற்குப் பின் நடந்ததெல்லாம் கூட்டம் பார்த்துக்கொண்டது. போலீஸ் வந்தது, சுகாதாரத் துறை வந்து அறைக்குப் பூட்டுப் போட்டது. ஜாமீனில் வெளியே இருக்கிறான் என்று கேள்வி. இருக்கட்டும். இப்போது அவன் வீடியோவைத் தேடினால், அந்த அருவி வீடியோ வருவதற்கு முன்னால், எண்ணெய் வழிய அவன் ஓடுவதைக் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோதான் வருகிறது.

ஒரு கணக்கு தீர்ந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் யமுனா கட்டிலருகே வந்தார். "எடுக்குற கட்டியில ஒரு துண்டை ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? கீமோவுக்கே சாகாம நின்ன அணு இது. இந்த மாதிரி பிடிவாதமானதுதான் சில நேரம் இரும்புக்குச் சட்டுனு விழுது. அங்க அதைத் தட்டுல வளர்த்து, நானோ இரும்பைப் போட்டுப் பாப்பாங்க. நிஜ நானோ. உங்க பேரு போகாது, நம்பர்தான். இதனால உங்களுக்கு நேரடியா ஒரு லாபமும் கிடையாது, அதையும் சொல்லிடறேன்."

"அத காறவச்சுக் கொல்லுவாவளா?"

"முயற்சி பண்ணுவாங்க."

"அப்ப இதவிட என்ன லாபம் வேணும்? எங்க கையெழுத்துப் போட?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் சிரிக்கவில்லை. என்னைத் தின்னப் பார்த்ததை என் கண்ணுக்கு அப்பால் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, நான் முப்பது வருஷமாக எண்ணெய்க்கு வராமல் காத்த அந்தக் கேட்டை அதற்கு வரவழைக்கப் போகிறார்கள். மயக்க மருந்து ஏறும்போதும் எனக்கு அந்த நினைப்புதான். நிம்மதியாகக் கண் மூடினேன்.

மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்ததையும் வழித்தெடுத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்தது. இடது கை இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. மிச்சம் நின்றதால் ஆபத்தும் முழுசாகத் தீரவில்லை, மாத்திரை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. அந்த நானோக்காரன் விழுங்கிய மாதங்கள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "கேக்காதீங்கம்மா" என்றார். மூக்கு திரும்பிவிட்டது. முதல் நாள் மில்லுக்குள் நுழைந்து, வாந்தி வராமல் நின்றபோது, வீட்டுக்காரர் ஆட்டுவதை நிறுத்திவிட்டு வேஷ்டி முனையால் கண்ணைத் துடைத்தார். கொப்பரைத் தூசி என்றார்.

போன வாரம் சோதனைக்குப் போனேன். எனக்கு எல்லாம் சுத்தம் என்று சொல்லி முடிக்கும் முன்னே நான் கேட்டேன். "அந்தத் தட்டுல இருக்கது என்னாச்சு?"

டாக்டர் யமுனா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முக்கால்வாசி செத்துருச்சாம்."

"காறித்தான் செத்துச்சா?"

"காறித்தாம்மா."

"நாத்தம் அடிச்சுதாமா?"

"அவ்வளவு சின்னதுல வாடையெல்லாம் தெரியாது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "மீதிக் காவாசி?"

"அது அசையல. இரும்பைத் தின்னுட்டு நிக்குது. ஏன்னு இன்னும் அவங்களுக்குப் பிடிபடல. அதைத் தனியா பிரிச்சு வச்சுப் பாத்துட்டு இருக்காங்க."

 எங்கோ ஒரு ஊரில், எனக்குத் தெரியாத ஒரு கண்ணாடித் தட்டில், விழமாட்டேன் என்று நிற்கிறது அது. கோபத்தோடு கோபமாக, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு பெருமையும் வந்தது.

"என் ஒடம்புல பொறந்ததுல்லா டாக்டர், லேசுல சாவுமா?" என்றேன். "ஆனா விட்டுராதீய. அது நிக்க வரைக்கும் நானும் நிப்பேன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, ரத்தம் கொடுக்க வலது கையை நீட்டினேன்.